பேர் வெட்டு

கண்டியில் கலாராணி வேலை செய்யும் ஆய்வுகூடத்தில், தட்டில் வளரும் வெள்ளையணுக்களுக்கு ஒரே ஒரு நாள்தான் கெட்ட கொழுப்பைக் காட்டுவார்கள். பிறகு கழுவிவிட்டு ஐந்து நாள் சும்மா விடுவார்கள். ஆறாம் நாள் சின்னதாக ஒரு சீண்டல். ஒருமுறை கொழுப்பைக் கண்ட அணுக்கள் மற்றவற்றைவிட மூர்க்கமாகக் கொதித்தெழும். மரபணுக்கள் மாறியிருக்காது. அவற்றின் மேல் ஒட்டிய குறிகள் மட்டும் போகாமல் இருக்கும். நான்கு வருடமாக அவள் எண்ணிக்கொண்டிருப்பது அந்தக் குறிகளைத்தான்.

இப்போது பதுளையில், ஆஸ்பத்திரி வார்டுக் கட்டிலில், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த அவளுடைய அப்பா தம்பையா படுத்திருந்தார். மாரடைப்பில் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது, இனி ஒருநாள்கூடக் கொழுப்புக் குளிசையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

"எப்பருந்துப்பா குளிசை போடல?"

"தையிலருந்து."

"ஏன்?"

"அதான் பேர் வெட்டிட்டாங்களே."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பண்டாரவளைக் கடைக்காரர் மர்ஸூக் திரும்பிப் பார்த்தார். "கேக் வெட்டுறது தெரியும். இதென்ன தம்பையாண்ணே, பேர் வெட்டுறது?"

தம்பையா சிரிக்கவில்லை. "தோட்டத்து ஆள் பதிவு, அந்தச் செக்ரோல்ல பேர வெட்டிட்டா மறுநாள் காலைல ஆள் கூட்டுற பெரட்டுக்குப் போகத் தேவயில்ல மர்ஸூக் நானா. ஆளு முடிஞ்சான். கிளினிக்ல நர்ஸம்மா அப்படித்தான் சொல்லிச்சு. 'இங்க உங்க பேர வெட்டியாச்சு, இனி இங்க வர வேணாம்'னு. கொலஸ்ட்ரோல் கொறஞ்சிருச்சுன்னும் சொல்லிச்சு. ஒரு துண்டுச் சீட்டும் குடுத்துச்சு."

அந்தச் சீட்டை அவர் பத்திரமாக வைத்திருந்தார். கலாராணி வாங்கிப் பார்த்தாள். அவர் வீடு இருக்கும் ஸ்பிரிங்வெளிக்குக் கிட்ட உள்ள கிளினிக்குக்குப் பேரை மாற்றியிருந்தார்கள். அவ்வளவுதான்.

"ஒனக்கும் போன் பண்ணிக் கேட்டேனே புள்ள. நீதானே நல்லதுன்னு சொன்ன."

அவளுக்கு நினைவு வந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தட்டில் மருந்தைச் சொட்டவிட்டுக்கொண்டிருந்தாள். என் பேர வெட்டிட்டாங்க என்றார். தோட்டத்தில் என்று எடுத்துக்கொண்டாள், அவருக்கு ஓய்வுபெறும் வயது, அறுபது ஆகியிருந்தது. நல்லதுப்பா, இனியாச்சும் நிம்மதியா இருங்க என்றாள். அரை நிமிடம் இருக்கும்.

ஜன்னலுக்கு வெளியே நமுனுகுல மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"தோட்டத்துல வெட்டிட்டாங்கன்னு நெனச்சிட்டேன்ப்பா," என்றாள்.

மர்ஸூக் மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அவள் சீட்டை மடித்து அப்பாவின் தலையணைக்கடியில் வைத்தாள். "கொழுப்பு கொறஞ்சது நெசந்தான். ஆனா ரத்தக் கொழாய்ச் செவுத்துல அதத் தின்னப் போன அணுங்க மறக்கல. யாரும் கூப்பிடாமலே பெரட்டுல வந்து நிக்குதுங்க. செவுத்தப் புண்ணாக்குதுங்க."

"அதுங்க சாகாதா?"

"சாகும். எலும்புக்குள்ளருந்து புதுசு வரும். அதுக்கும் அதே நெனப்பு இருக்கும். குளிசதான் கொழுப்பையும் அதுங்களையும் அடக்கி வச்சிருந்துச்சு."

"அப்ப அதுங்க பேர எப்ப வெட்டுவாங்க?"

நான்கு வருட வரைபடங்கள் அவளிடம் இருந்தன.

"தெரியலப்பா."

நர்ஸ் சின்னக் கோப்பையில் குளிசைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தம்பையா அவற்றை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"இது நல்லதுதானே?"

அன்று போனில் சொன்ன அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை.

"போடுங்கப்பா," என்று தண்ணீரை நீட்டினாள். அவர் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.