சனிக்கிழமையும் நீலச் சங்குப்பூவும்

அரிவாள் சங்குப்பூக் கொடியின் வேரடியில் இறங்குவதற்குள் வள்ளிக்கண்ணு ஓடிப்போய் அங்கே உட்கார்ந்துவிட்டாள். புருஷனின் அண்ணன் மூக்கன் மட்டும் கையை இழுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால், அன்றைக்கு உறையூரில் அந்த ஒரே வீட்டிலிருந்து இரண்டு பிணம் போயிருக்கும்.

"எந்திரிம்மா. புருஷன் உள்ள கெடக்குறான், நீ செடிக்கு மல்லுக்கு நிக்கிற?"

"அவரு வச்ச கொடி மாமா. வெட்டக் கூடாது."

செத்துப்போன பிச்சை, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கண்டக்டர். நாலு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு பயணி கொடுத்த சங்குப்பூ விதையைச் சில்லறைப் பையில் போட்டுக் கொண்டுவந்து வாசல் வேலியோரம் ஊன்றினான். கோடையில் காய்ந்து சருகானாலும் ஒரு மழைக்கு மறுபடி தளிர்த்து, வேலியை மூடி நீலமாகப் பூத்தது. டியூட்டி முடிந்து வந்தால் பெண்டாட்டி முகத்தைப் பார்க்குமுன் அதைத்தான் பார்ப்பான், படுபாவி. வள்ளிக்கண்ணுவுக்கு அதில் கொள்ளைப் பொறாமை.

பிச்சை போனது சனிக்கிழமை விடிகாலை. சனிக்கிழமைப் பிணம் துணை தேடும் என்று பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவது வழக்கம். அண்ணன்காரர் மூக்கனுக்கு அது போதவில்லை.

"நீலப் பூ சனீஸ்வரனுக்கு உண்டானது. வாசல்ல ஏத்தி வச்சீங்க, என் தம்பியையே வாரிக்கிட்டுப் போச்சு. குஞ்சு வேணாம், இதையே வேரோட புடுங்கிப் பாடையில கட்டுவோம். இல்லேன்னா அடுத்தது யாரு? உன் மக எட்டு மாசப் புள்ளத்தாச்சி. யோசிச்சுக்க."

வள்ளிக்கண்ணுவுக்குப் பயம்தான், பொய் சொல்வானேன். மகளைப் பார்த்தாள். வேலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். வெட்டு என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை.

"தொணைதானே வேணும்? குஞ்சைக் கட்டுங்க. பத்தலேன்னா என்னையும் சேத்துக் கட்டுங்க. நெஞ்சு வலியில போன மனுசனுக்குச் செடி மேல பழி போடாதீங்க. இதுல கை வச்சீங்க, கொள்ளி வைக்க விட மாட்டேன்!"

"பொம்பளையா இவ!"

மூக்கன் அரிவாளை வீசி எறிந்துவிட்டுப் போனார். குஞ்சைக் கட்டினார்கள். பறை முழங்கப் பாடை தெருமுனை திரும்பியது.

பெண்கள் வீடு கழுவினார்கள். பிணம் கிடந்த கூடத்துத் தண்ணீரைத் தெருவுக்குத்தான் தள்ள வேண்டும். ஒரு சொட்டு உள்பக்கம் நின்றாலும் சாவு வீட்டிலேயே தங்கிவிடும் என்பார்கள். தண்ணீர் வாசலுக்கு வந்ததும் வள்ளிக்கண்ணு விளக்குமாற்றால் அதைக் கொடிப்பக்கம் மடக்கினாள்.

"அடிப்பாவி, என்னடி பண்றே?" என்றாள் ஒருத்தி.

வள்ளிக்கண்ணு மறுபடியும் மடக்கினாள். தண்ணீர் நிற்காமல் தெருவுக்கே சரிந்தது. வேலம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி வந்து, காலால் மண்ணைத் தள்ளி வரப்புக் கட்டினாள். தண்ணீர் வேரடியில் தேங்கி நின்றது.