காலை நடைக்குப் போனவர்

“அரிசி கடத்துனா புடிக்கலாம் சேச்சி. வயத்துக்குள்ள வெச்சுக் கடத்துனா எங்ஙனெ புடிக்கும்?”

கோபாலபுரம் செக்போஸ்ட்டில் நாணு இப்படிக் கேட்டதும் வள்ளியாத்தாளும் சிரித்துவிட்டாள். பொள்ளாச்சிப் பக்கத்து அரிசி எல்லை தாண்டி இந்த மலையாளப் பக்கம் வராமல் பார்ப்பதுதான் அவன் வேலை. மூட்டைகளைக் குத்திப் பார்க்கும் இரும்புக் கம்பியோடு நாளெல்லாம் நிற்பான். மடியில் இரண்டு படி அரிசி கட்டி வரும் கிழவியைக்கூட விடமாட்டான். போகிற வருகிறவர்களிடம் ஏதாவது விளையாட்டாகப் பேசுவது அவன் வழக்கம். சிரித்துக்கொண்டே இரண்டு எட்டு வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பி வந்தாள்.

“யாரைச் சொல்றே நாணு?”

“வேற யாரை? நம்ம முதலாளியைத்தான். தினோம் காலையில வெறுங்கையை வீசிக்கிட்டு அங்கே போவார். திரும்பி வரும்போ ஆளுக்கு முன்னாடி நெய்மணம் வரும். பெங்ஙள் வீட்டுச் சாப்பாடு, கொடுத்து வெச்சவர்.”

பெங்ஙள் என்றால் அக்கா. அவள் புருஷன் ஆறுச்சாமியின் அக்கா கருப்பாத்தாள் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மைலில் இருக்கிறாள். மருதம்பட்டை வாங்கப் பொள்ளாச்சி பஸ்ஸுக்கு வந்த வள்ளியாத்தாள், பஸ் வந்து நின்றும் ஏறவில்லை. கண்டக்டர் இரண்டு தரம் விசில் ஊதிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அவள் நடக்க ஆரம்பித்தாள்.

போன தை மாதம், கடலைக் காட்டில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் ஆறுச்சாமி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். கிளம்பும்போது டாக்டர் அவரை விட்டுவிட்டு இவளைத்தான் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். நெய் கூடாது, கறி கூடாது, முட்டையில் மஞ்சள் கூடாது, உப்பைப் பாதிக்குப் பாதி குறைக்க வேண்டும், பீடியைத் தொடவே கூடாது. கீரையும் கொள்ளும் நிறையச் சேர்க்கலாம். தினமும் இரண்டு மைல் நிதானமாக நடக்க வேண்டும். “ஊரு வைத்தியரு மருதம்பட்டைக் கசாயம் குடிக்கச் சொல்றாருங்க” என்று இவள் தயங்கிக் கேட்டதற்கு, “குடிக்கட்டும்மா, ஆனா என் மாத்திரையை நிறுத்தக் கூடாது” என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். “அவரை ஆத்திரப்பட விடாதீங்க. சண்டை, சத்தம் எதுவும் காதிலேயே விழக்கூடாது.”

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை ஆறு மாதமாகக் கட்டிப் போட்டிருந்தது. வாய்க்கால் தண்ணீருக்குப் பங்காளி வம்பு பேசியபோது சிரித்து அனுப்பினாள். நல்லது கெட்டதுக்கு வந்த சனம் அவர் மெலிந்து போனதைப் பார்த்துவிட்டு, “ஊட்டுக்காரி சோறே போடறதில்லையாட்ட இருக்குது” என்று சாடை பேசியபோதும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு உப்பைக் குறைத்துச் சமைத்துவிட்டுத் தனக்கு மட்டும் போட்டுக்கொள்ள மனம் வராமல் அவளும் அதையே தின்றாள். முதல் மாதம் ஒவ்வொரு உருண்டையும் மண்ணாக இறங்கியது. நெய்ப் பானையைத் தோட்டத்து ஆள் வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தாள். கருக்கலில் எழுந்து பட்டையை இடித்துக் கசாயம் வைத்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, வெள்ளை வேட்டி தென்னை மரங்களுக்குள் மறைகிற வரைக்கும் வாசலில் நின்று பார்ப்பாள். கல்யாணமான புதிதில் அப்படிப் பார்த்தது. நடுவில் இருபது வருடம் அதற்கெல்லாம் நேரம் இருக்கவில்லை.

திரும்பி வந்து, கம்மங்கூழை இரண்டு வாய் குடித்துவிட்டு, “பசியில்ல புள்ள” என்று தள்ளி வைப்பார். அவருக்குப் பசி எடுக்க வேண்டும் என்று மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசி வேண்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நடந்துகொண்டிருந்தவளுக்கு அந்த மிளகாயின் எரிச்சல் இப்போது உள்ளங்கையில் ஏறியது.

கருப்பாத்தாள் வீட்டு வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. ஆசாரக் கூடத்தில் தலைவாழை இலை. ஆறுச்சாமி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மிளகு போட்டுச் சுருளச் சுருள வறுத்த ஆட்டு நெஞ்சு இலையின் நடுவில் இருந்தது. சோற்றில் குழி பறித்து நெய் ஊற்றிக்கொண்டிருந்த கருப்பாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததற்காக நெய்யை நிறுத்தவில்லை.

“வா அம்மிணி. சந்தைக்கு அறுத்த கிடா. நெஞ்சு தனியா எடுத்து வெக்கச் சொல்லியிருந்தேன். நெஞ்சு கெட்டவனுக்கு ஆட்டு நெஞ்சைக் காட்டிலும் மருந்து ஏது?”

ஆறுச்சாமி தலையைத் தூக்கவில்லை. “அக்கா மனசு நோகுமேன்னுதான்...” என்றார் இலையைப் பார்த்து.

ஆறு மாதமாக விழுங்கியதெல்லாம் வள்ளியாத்தாளின் தொண்டைக்கு வந்து நின்றது. ஓங்கிக் கத்தினால் அந்த ஓட்டு வீடே அதிர்ந்திருக்கும். அவர் கழுத்தோரத்தில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருப்பது அவள் கண்ணில் பட்டது. கத்தினாலும் சாவான், கத்தாவிட்டாலும் சாவான், நான் என்னதான் செய்வேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இலையை அப்படியே தன் பக்கம் இழுத்தாள். அவர் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் இத்தனை வருடமும் சாப்பிட்டு வந்திருக்கிறாள். அவர் எழும்புவதற்கு முன்னால் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. நெய்ச்சோற்றைப் பிசைந்து வாயில் போட்டாள். கறியை எடுத்துக் கடித்தாள். ஆறு மாதம் கழித்து நாக்கில் பட்ட உப்பு சுரீரென்று ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

“ஏ அம்மிணி, இது என்ன கூத்து?” கருப்பாத்தாள் நெய்க்கிண்ணத்தோடு பின்னால் நகர்ந்தாள்.

“நல்லா இருக்குதுங்க நங்கையா. இன்னொரு கரண்டி ஊத்துங்க.”

“அது எந்தம்பிக்கு வெச்சது!”

“தெரியுமுங்க. நாளைக்கும் வெயிங்க. அவரு கூடவே நானும் வர்றேன். அவருக்கு எதை வெச்சாலும் நாந்தான் திங்கப் போறேன்.”

“எங்கய்யன் இளைச்சு இளைச்சுத்தான்டி செத்தாரு!” கருப்பாத்தாள் வெடித்தாள். “கடைசீல ஒரு கையில தூக்கற மாதிரி கெடந்தாரு. எனக்குப் பன்னெண்டு வயசு, இவன் இடுப்புல. இவன் கன்னம் குழி விழுந்து வந்து நிக்கறப்ப நாங் கசாயத்தக் குடுத்து அனுப்பணுமா? நீ பட்டினி போட்டுக் கொல்லுவே, நாம் பாத்துட்டு இருக்கணுமா?”

வள்ளியாத்தாள் கடைசித் துண்டையும் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். குரலை உயர்த்தவில்லை.

“உங்க மனசு நோகக் கூடாதுன்னு தின்னாருங்க. எம் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொன்னாருங்க. இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க ஒரு மாசம் அழுதுட்டு உங்க ஊட்டுக்கு வந்துருவீங்க. நான் எந்த ஊட்டுக்குப் போறது?”

கருப்பாத்தாள் நெய்க்கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அப்படியே தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

வள்ளியாத்தாள் எழுந்தாள். கை கழுவவில்லை. கருப்பாத்தாள் வீட்டுத் தண்ணீரைத் தொடக்கூட அப்போது பிடிக்கவில்லை. எச்சில் கையைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி வாசல் இறங்கினாள். பின்னால் அவர் செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது.

ஒரு நாளும் புருஷனுக்கு முன்னால் அந்த ரோட்டில் அவள் நடந்ததில்லை. இன்றைக்கு முன்னால் நடந்தாள், வேகமாக. செக்போஸ்ட்டில் நாணு வாயைத் திறந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர்கள் பின்னால் வந்த மாட்டுவண்டியின் வைக்கோலுக்குள் கம்பியை விட்டுக் குத்தத் தொடங்கினான்.

“வள்ளி, மெதுவா போ புள்ள.”

பதில் சொன்னால் அவள் கத்திவிடுவாள். வெயில் ஏறிவிட்டிருந்தது. வாய்க்கால் மேட்டில் ரோடு கொஞ்சம் ஏறும். பின்னால் செருப்புச் சத்தத்தோடு மூச்சின் சத்தமும் கேட்க ஆரம்பித்தது. அவள் தன்னை அறியாமல் நடையைக் குறைத்தாள். குறைத்ததற்காகத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

மேட்டின் பாதியில் செருப்புச் சத்தம் நின்றது.

அவளும் நின்றாள். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது. திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். நாக்கில் இன்னும் உப்பு. திரும்பாமலே, நெய்ப் பிசுக்குக் காயாத வலது கையைப் பின்னால் நீட்டினாள்.