மருந்து படிச்ச புள்ள

நூறு ரூபாய். எத்தனை தடவை கூட்டிக் கழித்தாலும் மிஞ்சுவது அந்த நூறு ரூபாய்தான். பெருமாள்மலை போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தேவசேனா போனில் மறுபடியும் தட்டிப் பார்த்தாள். ஓசூர் மருந்து கம்பெனியில் லேப் டிரெய்னி வேலை, சம்பளம் பதின்மூவாயிரத்து ஐநூறு. பிடித்தம் ஆயிரத்து ஐநூறு. ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆறாயிரத்து ஐநூறு. படிப்புக்கடன் தவணை ஐயாயிரத்து நானூறு, அதுவும் ஏழு வருஷத்துக்கு. மூன்று வருஷம் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்து, எழுபத்தெட்டு சதவீதம் வாங்கி, மாசக் கடைசியில் கையில் நிற்பது நூறு. வடகவுஞ்சியில் பூண்டு உரிக்கப் போகிறவள் ஒரே நாளில் முந்நூறு வாங்கிவிடுகிறாள். நல்லா இருக்கு நியாயம். ஆனாலும் அந்த ஓசூர் வேலை அவளுக்கு வேண்டும். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறம் மாறப்போகிற அந்த ஒரு சொட்டுக்காகக் காத்து நிற்க வேண்டும். படித்ததில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். பிடித்ததைச் சொன்னால் பேங்க்கில் தவணையைத் தள்ளுபடி செய்துவிடவா போகிறார்கள்?

திங்கட்கிழமை ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். ரெண்டு வருஷத்துக்கு அது கம்பெனியிடம்தான் இருக்குமாம். காலையில் பீரோவைத் திறந்தால் ஃபைல் இருக்கிறது, சர்டிபிகேட்டைக் காணோம். அதை உரக்கடை குமரகுருவிடம் கொடுத்து நாலு நாளாயிற்று என்று அப்பா பொன்னுவேல் தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டே சொன்னார், மண்வெட்டியை இரவல் கொடுத்த மாதிரி. பூச்சிமருந்து விற்கிற கடையில் விவசாயமோ கெமிஸ்ட்ரியோ படித்த ஆள் ஒருவர் பொறுப்பில் இருந்தால்தான் லைசென்ஸ். குமரகுரு பத்தாவதே தாண்டாதவர். அதனால் கடைக்கு அவள் பெயர், அவள் சர்டிபிகேட். அவள் வரக்கூட வேண்டாம். மாசாமாசம் தவணையை அவரே பேங்க்கில் கட்டிவிடுவார்.

"சும்மா வீட்ல இருந்துக்கிட்டே கடன் அடையுது, இன்னும் என்னம்மா வேணும்?" என்றார் அப்பா. "மருந்து படிச்சா மருந்துக்கடையிலதான சோலி?"

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மலையில் மருந்து என்றால் கேரட்டுக்கும் பீன்ஸுக்கும் அடிப்பது. காய்ச்சலுக்குத் தின்பது மாத்திரை. கெமிஸ்ட்ரி படித்தால் மருந்து கம்பெனியில் வேலை என்று காலேஜ் ஆபீஸில் சொன்னதும் மனுஷன் பூரித்துப்போய்க் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷமாக, மகள் மருந்து படிக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவளும் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டாள், திருத்தவில்லை. இப்போது யாரைப் போய் நோக?

பெருமாள்மலையில் இறங்கிப் போனால், குமரகுரு கடையில் அவள் சர்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தது, மூலையில் அவள் பாஸ்போர்ட் போட்டோ ஒட்டி. குமரகுரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ சொன்னார். திங்கட்கிழமைக்குச் சர்டிபிகேட் வேண்டும் என்று அவள் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை, அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவர் பாட்டுக்குச் சட்டைப்பையிலிருந்து பேங்க் ரசீதை எடுத்து நீட்டினார். நிலுவையில் இருந்த மூன்று தவணை, பதினாறாயிரத்து இருநூறு, முந்தாநாள் கட்டியது. பேங்க்காரன் ரெண்டு நாளாக ஏன் கூப்பிடவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"இத மட்டும் குடுத்துட்டு எடுத்துட்டுப் போ தாயி. நா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவளிடம் திரும்பிப் போகப் பஸ் காசு இருந்தது. அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து முருகம்மாள் வந்தாள். பேத்துப்பாறையில் கூலிவேலை செய்துகொண்டே அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பீன்ஸ் போட்டிருப்பவள். போன வாரம் வாங்கிய அதே மருந்து வேண்டும் என்றாள். நாளை மறுநாள் அடுத்த பறிப்பு, இன்றைக்கு அடிக்கலாமா என்றும் கேட்டாள். குமரகுரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். மருந்து படிச்ச புள்ளையே இங்கே இருக்கும்போது தன்னிடம் எதற்குக் கேட்கிறாய் என்று சிரித்தார். முருகம்மாள் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தாள், தேவசேனாவைப் பார்த்தாள். டாக்டர் முன்னால் நிற்கிற மாதிரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நீ சொல்லு தாயி. நமக்கு எழுத்து தெரியாது."

தேவசேனா பாட்டிலைத் திருப்பினாள். சிவப்பு முக்கோணம், கொடிய விஷத்துக்குப் போடுகிற அடையாளம். அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் இருந்தது: அடித்த பிறகு இருபத்தொரு நாள் பறிக்கக் கூடாது. குமரகுரு அவளைப் பார்க்கவே இல்லை. ரசீதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் பதினாறாயிரத்துக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

"அடிங்கக்கா," என்றாள். "பறிச்சதும் நல்லாக் கழுவிருங்க."

கழுவினால் போகாது. செடிக்குள் ஏறிக் காய்க்குள் இறங்குகிற விஷம் அது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் மூன்று லட்சம் கடன்.

குமரகுரு பில் எழுதி, புதுசாகச் செய்த ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினார். பொறுப்பாளர்: பொ. தேவசேனா, பி.எஸ்ஸி. முருகம்மாள் மை காய ஊதிவிட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சந்தோஷத்தில், மொத்தக் கடைக்குக் கொண்டுபோகிற மூட்டையை அவிழ்த்து ரெண்டு கை பீன்ஸை அள்ளித் தேவசேனாவின் பையில் போட்டாள். வெள்ளனே பறிச்சது என்றாள். போன வாரம் இந்த மருந்து அடித்ததில் ஒரு புழு கிடையாது, வேண்டுமானால் பார்த்துக்கொள் என்றாள்.

வழியில் கொட்டிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். பஸ்ஸில் கூட்டம். இறங்கின இடத்தில் தெரிந்தவர்கள் நின்று, ஓசூர் எப்போது போகிறாய் என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா சிவபாக்கியம் பையை வாங்கிக்கொண்டுபோய் முறத்தில் கொட்டிவிட்டாள். இம்புட்டுப் பிஞ்சா யாருடி குடுத்தா என்று கேட்டுக்கொண்டே, இருப்பதில் இளசாக ஒன்றை எடுத்து ஒடித்தாள். பச்சையாகவே வாயில் போட்டு மென்றாள்.

"இனிக்குதுடி," என்று சொல்லி, இன்னொன்றை ஒடித்து மகளிடம் நீட்டினாள்.