அண்ணன் தராத அரங்கம்

அண்ணனின் கையைச் சட்டைக்குள் நுழைக்க முடியவில்லை. காலையில் மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த உடல் விறைக்கத் தொடங்கியிருந்தது. அண்ணி தோளைத் தூக்கிப் பிடிக்க, தங்கை முழங்கையை மெல்ல மடக்கிப் பார்த்தாள். அவளுடைய கைப்பேசி மேசைமேல் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"எடுத்துப் பேசேன். நாடகத்து ஆளுங்களா இருக்கும்," என்றாள் அண்ணி.

அன்று மாலை மாநகராட்சி அரங்கில் அவள் குழுவின் நாடகம். அந்த அரங்கை யாருக்கு, என்றைக்கு விடுவது என்று முடிவு செய்யும் கலைப்பிரிவு அதிகாரியே அண்ணன்தான். பிரிவு என்றால், குடிநீர்ப் பிரிவின் மூலையில் ஒரு மேசை. குழாய் உடைந்தவர்கள்கூட முதலில் அவரிடம் வந்துதான் புலம்புவார்கள். அதையும் காதுகொடுத்துக் கேட்பார். தங்கை கேட்டால் மட்டும் காது கேட்காது. "உனக்குக் குடுத்தா ஊரு என்ன பேசும்?" வருடா வருடம் இதே பதில். அவள் குழு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு நாடகம் போட்டது. ஒரு கட்டத்தில் அவள் அரங்கம் கேட்பதை விட்டாள். பிறகு அவரோடு பேசுவதையும்.

அவர் படுக்கையில் விழுந்ததும், அந்த மேசைக்கு வந்த உதவி அதிகாரி தானாகவே கூப்பிட்டு அரங்கைக் கொடுத்தார். அண்ணனிடம் சொல்லலாமா என்று மருத்துவமனை வாசல்வரை யோசித்துக்கொண்டே போவாள். உள்ளே அவர் கண்மூடிக் கிடப்பார். சொல்லவே இல்லை.

ஒருவழியாகக் கையை நுழைத்து, பித்தான்களைப் போட்டுவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். உதவி அதிகாரிதான். துக்கம் விசாரித்தார். நாடகத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்றும், அந்த நாளை வாங்கியிருக்கும் குழுவிடம் தான் பேசி மாற்றிவிடுவதாகவும் சொன்னார். "சாருக்காக இதுகூடச் செய்யலேன்னா எப்படிம்மா?"

அண்ணி அண்ணனுடைய தலையை வாரிக்கொண்டிருந்தாள். தங்கை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம் சார். யாரையும் மாத்தாதீங்க. இன்னிக்கு அரங்கத்தை, அடுத்து யார் காத்திருக்காங்களோ அவங்களுக்குக் குடுத்துடுங்க. நாங்க மறுபடி கேக்குறோம்."

"மறுபடின்னா ஒரு வருஷம் ஆயிடுமே."

"தெரியும் சார்."

சீப்பு நின்றது. "நீயும் அவரை மாதிரியேதான்," என்றாள் அண்ணி. அதில் மெச்சலும் இல்லை, குறையும் இல்லை. வெறும் அலுப்பு.

குழுவுக்கும் அவளே கூப்பிட்டுச் சொன்னாள். கதாநாயகியாக நடிக்கவிருந்தவள் மறுமுனையில் அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை தங்கை கைப்பேசியைக் காதிலேயே வைத்திருந்தாள்.

தகனம் முடிந்து திரும்பும்போது இருட்டிவிட்டது. வண்டி அரங்கத்து முனையில் நின்றது. காத்திருந்த பாட்டுக் குழுவுக்கு அடித்தது யோகம்; வாத்தியப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவசர அவசரமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். அண்ணி இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். ஓட்டுநர் ஹாரனில் கை வைத்தார்.

"போகட்டும், விடுங்க," என்றாள் தங்கை.

கடைசியாகப் போன பெண் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வண்டி நின்றதற்கு நன்றியாகச் சிரித்துக் கையசைத்தாள்.

தங்கையும் பதிலுக்குக் கையைத் தூக்கினாள்.