நெஞ்செரிச்சல் என்று எழுதியவள்

டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே, எடை பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு முக்காலியும் குட்டை மேஜையும் கிடந்தன. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், பள்ளிக்கூடம் விட்டதும் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி அதில் வந்து உட்காருவாள். டாக்டருக்குப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் பன்னிரண்டு வாரம் ஒரு குடும்ப டாக்டரோடு இருந்து பார்க்க வேண்டும்; அந்த டாக்டர் கொடுக்கும் கடிதத்தை வைத்துத்தான் கல்லூரிக்கு விண்ணப்பம் போட வேண்டும். அந்த ஊரில் அப்படி ஓர் ஏற்பாடு.

மூன்று டாக்டர்கள் இடமில்லை என்று கையை விரித்த பிறகு நாலாவதாக இவரிடம் வந்தாள். டாக்டரம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வா. ஆனா ஊசியைத் தொடக்கூடாது. மருந்தைத் தொடக்கூடாது."

"அப்ப நான் என்னதான் செய்யறது டாக்டர்?"

"கேக்கணும். வர்றவங்களுக்கு என்ன செய்யுதுன்னு கேட்டு அட்டையில எழுதணும். அவங்க எப்படிச் சொல்றாங்களோ அப்படியே. தலையில ஆணி அடிக்குதுன்னா, ஆணி அடிக்குதுன்னுதான் எழுதணும். ஒத்தைத் தலைவலின்னு எழுதக்கூடாது. நோய்க்குப் பேர் வைக்கிற வேலை என்னோடது."

டோக்கன் கொடுக்கிற அக்கா அவளுக்கு முதல் நாளே 'அரை டாக்டர்' என்று பட்டம் சூட்டிவிட்டாள். "அரை டாக்டரே, மின்விசிறியைப் போடு", "அரை டாக்டரே, அந்தப் பெஞ்சைக் கொஞ்சம் இழுத்துப் போடு" என்று விரட்டிக்கொண்டே இருப்பாள். ஆனால் நாலு மணிக்குத் தன் பிஸ்கட்டில் பாதியைப் பிட்டு அவள் மேஜையில் வைக்கவும் மறக்க மாட்டாள்.

அவள் நன்றாகத்தான் எழுதினாள். 'முட்டிக்குள்ள மணல் அரைக்குது.' 'வயித்துல துணி பிழியற மாதிரி.' 'மூணு நாளா எதுவும் பிடிக்கலை, டிவியும் பிடிக்கலை.' டாக்டரம்மா அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நோயாளியை உள்ளே கூப்பிடுவார்.

ஆறாவது வாரம் ஒரு சம்பவம். தலைமுடி கொட்டுகிறது, எப்போதும் குளிருகிறது, அசதியாக இருக்கிறது என்று ஒரு பெண் வந்தாள். அவள் போன பிறகு, "தைராய்டா இருக்குமோ டாக்டர்?" என்று இவள் மெதுவாகக் கேட்டாள். இரண்டு நாள் கழித்து வந்த ரத்தப் பரிசோதனை அதையே சொன்னது. "பரவாயில்லையே!" என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் மூன்று தடவை சொன்னாள். அன்றிலிருந்து அவளுடைய புத்தகப் பைக்குள் கணக்குப் புத்தகத்துக்குப் பதிலாக நோய்களைப் பற்றிய தடிப் புத்தகம் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஒன்பதாவது வாரம், வியாழக்கிழமை. ஊரெல்லாம் காய்ச்சல். ஐந்து மணிக்குள் நாற்பது டோக்கன் போய்விட்டது. பெஞ்சில் இடமில்லாமல் வாசற்படியிலும் ஆட்கள் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில்தான் அவர் வந்தார், அவளுடைய பள்ளிக்கூட பஸ் டிரைவர்.

"மாமா! என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்ன? ஆறு வருஷம் உன் தண்ணி பாட்டிலை சீட்டுக்கு அடியில இருந்து பொறுக்கினவன் நான். இப்ப நீ என்னை விசாரிக்கிற ஆளாயிட்டியா?"

"உக்காருங்க மாமா. உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல பாப்பா. சுகர் பாக்கணும். உங்க அத்தை நச்சரிப்புத் தாங்காமத்தான் வந்தேன்." பிறகு சட்டையின் நடுப் பித்தான் மேல் கையை வைத்தார். "அப்புறம் இங்க ஒண்ணு. மாடி ஏறுறப்ப யாரோ சட்டையோட சேத்துக் கொத்தாப் பிடிக்கிற மாதிரி இருக்கு. ரெண்டாவது மாடியில நின்னுடுவேன். பையில சாவியைத் தேடுற மாதிரி துழாவிட்டு நின்னா, விட்டுடும். அப்புறம் ஏறிடுவேன். வீட்ல சொல்லல. சொன்னா பஸ்ஸை விடச் சொல்லிக் கத்துவா."

அவர் பேசிக்கொண்டே போனார். மகளுக்கு வேலை கிடைத்தது, பஸ்ஸில் புது வாண்டு ஒன்று தினமும் அழுவது, எல்லாம். இவளும் பேனாவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்ட பிறகு ஜாஸ்தியா இருக்கா மாமா?"

"சாப்பிட்டு ஏறினா கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஏப்பம் வந்தா தேவலாம் போல இருக்கும்."

ஏப்பம்! முந்தின நாள் இரவுதான் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தாள். கீழே பென்சிலால் கோடுகூடப் போட்டிருந்தாள்.

"அது நெஞ்செரிச்சல் மாமா. வயித்துல இருக்கிற அமிலம் மேல ஏறி வருது."

"எரியலையே பாப்பா…" என்று இழுத்தார் அவர். பிறகு சிரித்துவிட்டார். "சரி, படிக்கிற பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அட்டையில் அவள் எழுதியது இவ்வளவுதான்: 'சர்க்கரை பரிசோதனை. நெஞ்செரிச்சல், சாப்பிட்ட பின்.'

கண்ணுகளா, இந்த இடத்தில் அவள்மேல் கோபப்படாதீர்கள். ஒரு 'பரவாயில்லையே'வுக்காக நாமெல்லாம் என்னென்ன செய்திருக்கிறோம்.

உள்ளே டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார். கதவுக்கு வெளியே ஒரு குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது.

"நெஞ்செரிச்சலா?"

"ஆமாங்கம்மா. நெஞ்செரிச்சல்தான். சாப்பிட்டா வருது."

அவளுடைய சொல்லைத் தன்னுடைய சொல்லாகவே அந்த மனுஷன் திருப்பிச் சொன்னார். டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், வயிற்றுக்கு மாத்திரை எழுதினார். "ஒரு வாரத்துல கேக்கலைன்னா வாங்க" என்றார். அவர் வெளியே வந்து, முக்காலியைத் தாண்டும்போது பஸ்ஸில் அடிக்கிற மாதிரி இரண்டு விரலால் சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை சாயங்காலம், இரண்டாவது மாடிப் படிக்கட்டில் விழுந்து இறந்துபோனார்.

செவ்வாய்க்கிழமை அவள் வந்தபோது டோக்கன் அக்கா 'அரை டாக்டரே' என்று கூப்பிடவில்லை. "உள்ள போம்மா. டாக்டர் உன்னை வரச் சொன்னாங்க" என்றாள். அந்த 'ம்மா'வைக் கேட்டதும் இவள் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள்.

டாக்டரம்மாவின் முன்னால் அந்த அட்டை இருந்தது. நடந்ததைச் சொல்லிவிட்டு, அட்டையை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது அவர் சொன்னதா, நீ சொன்னதா?"

"நான் சொன்னது டாக்டர்," என்றாள். அவர் சொன்னதையும் சொன்னாள். பித்தான், கொத்தாகப் பிடிப்பது, சாவி தேடுவது, ஏப்பம், எரியலையே என்று இழுத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வார்த்தைகூட மறந்திருக்கவில்லை. அதுதான் கொடுமை. அத்தனையும் அவளிடம் இருந்தது, அட்டையில் இல்லை.

டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"படி ஏறினா வருது, நின்னா போகுது. அது இருதயம்மா. இதைப் பாத்திருந்தா அன்னிக்கே ஈ.சி.ஜி. எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்."

"பிழைச்சிருப்பாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் அவர் வாயில் அது வந்து நின்றதுகூட முகத்தில் தெரிந்தது.

"தெரியாது. பிழைச்சிருக்கலாம்."

அவள் முக்காலியைத் தேடுகிற மாதிரி பின்னால் கையை நீட்டினாள். அங்கே ஒன்றுமில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க பாரு. நீ எழுதினது எழுதினதுதான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவர் என் எதிர்லதான் உக்காந்திருந்தார். எங்க, எப்ப, எப்படின்னு மூணே கேள்வி. இருபத்தோரு வருஷமா கேக்கிறேன், அன்னிக்குக் கேக்கல. நான் டாக்டர், நீ இல்ல. அவங்க வீட்டுக்குப் போய் இதைச் சொல்லப் போறேன். நீ வரவேண்டாம்."

"நானும் வரேன்."

"சொன்னாக் கேளு. அவங்க என்ன வேணா பேசுவாங்க. பேசவும் செய்யணும்."

"அதான் டாக்டர். நான் இல்லாம எப்படிப் பேசுவாங்க?"

வியாழக்கிழமை கிளினிக்கைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் போனார்கள். மூன்று மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் டாக்டரம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். அவள் நிற்காமல் ஏறினாள். நின்றால் மேலே போகவே முடியாது என்று தெரிந்திருந்தது.

டிரைவரின் மனைவி துணி தைப்பவள். வீட்டில் பாதி இடத்தைத் தையல் மெஷின் அடைத்திருந்தது. யாருடைய ரவிக்கையோ ஒரு கையோடு ஊசிக்கு அடியில் அப்படியே கிடந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்து அவளுடைய கையைத்தான் முதலில் பிடித்தாள்.

"நீதானே அந்தப் பொண்ணு? அன்னிக்கு வந்து உன் பேச்சுதான். 'டாக்டர் நாலு நிமிஷம் பாத்தாங்க, பாப்பா இருபது நிமிஷம் கேட்டுச்சு. அது டாக்டரானதும் நான் அதுகிட்டதான் போவேன்'னு சொன்னார்."

அவள் கையை விடுவித்துக்கொள்ளவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் நின்றாள். டாக்டரம்மா வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மாளே பேசினாள்.

"நாலு நாளா அவரைத் திட்டிட்டே இருக்கேன் டாக்டர். உங்ககிட்ட ஒழுங்காச் சொல்லாமத்தானே வந்தார்? எதையுமே சொல்ல மாட்டார். மறைச்சு மறைச்சே…"

"சொன்னார் அத்தை," என்றாள் அவள். "ஒழுங்காச் சொன்னார். என்கிட்ட சொன்னார். நான்தான் தப்பா எழுதினேன்."

டாக்டரம்மா இருதயத்தைப் பற்றிச் சொன்னார், தான் கேட்காமல் விட்டதைச் சொன்னார், எங்கே புகார் கொடுக்கலாம் என்பதையும் சொன்னார். அந்த அம்மாள் அது எதையும் கேட்ட மாதிரி தெரியவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னார்? எனக்குச் சொல்லு. அவர் சொன்ன மாதிரியே சொல்லு."

அவள் சொன்னாள். சாவி தேடுகிற மாதிரி நிற்பதைச் சொன்னபோது அந்த அம்மாளின் கை அவளுடைய கையிலிருந்து நழுவியது.

"தினம் மேல இருந்து எட்டிப் பாத்து, 'என்ன, படியை எண்ணிட்டு வரீங்களா'ன்னு கத்துவேன்," என்றாள். "சிரிச்சுட்டே ஏறி வருவார்."

தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"நீ சின்னப் பொண்ணு," என்றாள் கடைசியில். "உன்னை ஒண்ணும் சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா போயிடு. இனிமே என் கண்ணுல படாத."

அவள் தலையை ஆட்டினாள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அந்த மாதம் இருபதாம் தேதி. டாக்டரம்மா இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். நடந்ததை மறைக்கவில்லை. தன்னுடைய பிழையை முதலில் எழுதி, அவளுடையதை அடுத்து எழுதி, 'நான் சந்தித்த மாணவர்களில், தன் தவற்றைத் தானே போய்ச் சொன்னவள் இவள் ஒருத்திதான்' என்று முடித்திருந்தார். இருபதாம் தேதி நாலு மணிக்கு அவள் வந்தாள். மேஜையில் இருந்த கவரைப் பார்த்தாள், எடுக்கவில்லை. சட்டையில் குத்தியிருந்த மாணவர் அட்டையைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள்.

"நான் உன்னைப் போகச் சொல்லலையே."

"தெரியும் டாக்டர். நானும் ட்ரை பண்ணினேன். போன வாரம் ரெண்டு நாளும் வந்து உக்காந்தேனே. முன்னால ஒருத்தர் முதுகு வலின்னு சொல்லிட்டிருப்பார். எனக்கு மாமா பேசறதுதான் கேக்குது. அவர் முடிச்சிட்டு என்னைப் பாப்பார். நான் ஒரு வார்த்தை எழுதியிருக்க மாட்டேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணையே கேட்டுட்டிருக்கிற டாக்டர் யாருக்கு வேணும்?"

"அடுத்த வருஷம் போடலாம்."

"அம்மாவும் அதைத்தான் சொல்லி அழறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னு சொன்னேன். அழுகையை நிறுத்தணுமே."

காலம் ஆற்றும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேருக்கு அந்த நாற்காலியிலிருந்து அதைச் சொன்னவர்தான். ஆனால் அந்த மூன்று வாரமாக, முட்டி வலி என்று வருகிறவரிடமும் நெஞ்சில் ஏதாவது செய்கிறதா என்று நாலு தடவை கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டருக்கு என்ன ஆச்சு என்று பெஞ்சில் பேசிக்கொண்டார்கள். தனக்கே ஆறாததை அவளுக்கு எப்படிச் சொல்வது?

எழுந்து வந்து அவளுடைய தலையில் கையை வைத்தார். அவள் ஒரு நிமிஷம் அந்தக் கைக்குக் கீழே நின்றாள். பிறகு, "வரேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெளியே டோக்கன் அக்கா, "பிஸ்கட்டாவது எடுத்துட்டுப் போடி" என்று சொல்வது கேட்டது. வாசல் கதவு சாத்துகிற சத்தம் மட்டும் வந்தது.

டாக்டரம்மா கவரையும் மாணவர் அட்டையையும் மேஜை டிராயருக்குள் வைத்தார். மணியை அடித்தார். ஒரு பெரியவர் உள்ளே வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கு என்ன செய்கிறது என்று பேச ஆரம்பித்தார். நிதானமாக, கையை ஆட்டி ஆட்டி, ரொம்ப நேரம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்க," என்றார் டாக்டரம்மா. "நான் கேக்கல. முதல்ல இருந்து சொல்லுங்க."