பகல் தூக்கம்

நாலு மணிக்கு டீயோடு அறைக்குள் போன அம்மா, அதே டீயோடு திரும்பி வந்தாள். கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.

"அப்பா இன்னும் எழுந்திருக்கல" என்றாள், உதடு மட்டும் அசைய.

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு ஐந்து. அவர் ஒருநாளும் நாலைத் தாண்டியதில்லை. எழுந்து போனாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தோளைத் தொட்டாள். அந்தத் தோளைத் தொட்டு எத்தனை வருஷம் என்று நினைவில்லை. சில்லென்று, விறைத்துப் போயிருந்தது.

தெருமுனை டாக்டர் வந்தார். விரல்களை மடக்கிப் பார்த்தார். தாடையை அசைத்துப் பார்த்தார். பிறகு, அந்த வீட்டுக்குப் பழக்கமில்லாத உரத்த குரலில் பேசினார்.

"காலைலயே போயிருக்காரும்மா. ஒன்பது, ஒன்பதரை இருக்கும். இவ்வளவு நேரம் யாருமே பாக்கலையா?"

"தூங்குறாருன்னு..." அம்மா கைத்துணியை முறுக்கினாள்.

"மத்தியானம் சாப்பிடவாவது எழுப்ப மாட்டீங்களா?"

"நாலு மணி வரைக்கும் எழுப்ப மாட்டோம் டாக்டர்."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

முப்பத்தொரு வருஷம் அப்பாவுக்குக் குடிநீர் நிலையத்தில் இரவுப் பணி. விடிய விடிய மோட்டார்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எட்டு மணிக்கு வந்து படுப்பார். ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகியும் உடம்பு மாறவில்லை. பிள்ளைகளை அடித்ததே இல்லை. தூக்கம் கலைந்தால் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்பார். பார்ப்பார். திரும்பிப் போய்விடுவார். அதன்பிறகு மூன்று நாள் வீட்டில் யாரோடும் பேச்சு இருக்காது.

மகளும் அவள் தம்பியும் நுனிக்காலில் நடக்கக் கற்றுக்கொண்டார்கள். ஏழு வயதில் மாடிப்படியில் விழுந்து உதடு கிழிந்தபோது, அவள் வாயைப் பொத்திக்கொண்டு மேலே வந்தாள். அம்மா ஈரத்துணியால் துடைத்தாள். "அப்பா எழுந்துடுவாருடி" என்றாள். அன்று மாலை அப்பா, கூட வேலை செய்பவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "என் பொண்ணு பூனை. வீட்ல இருக்கறதே தெரியாது." அவளைப் பற்றி அவர் பெருமையாகச் சொன்னது அது ஒன்றுதான்.

இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. மருந்துக்கடையில் நின்று நின்று கெண்டைக்கால் கல்லாகிப் போனதும் பிசியோதெரபிக்குப் போனாள். அங்கிருந்த பெண் பாதத்தை மேலே தள்ளிப் பார்த்தாள். பாதி தூரம்கூடப் போகவில்லை.

"சின்ன வயசுலேர்ந்து நுனிக்கால்லயே நடந்திருக்கீங்க. யாருக்குப் பயந்து?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். இவளும் சிரித்தாள். வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நாலு பஸ்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

எட்டு மாதமாயிற்று. தினமும் காலையில் வெந்நீரில் கால் வைப்பாள். துண்டைப் பாதத்தில் மாட்டி இழுப்பாள். படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழே விடுவாள். கீழே விடும்போது ஏழு வயதுக்காரி ஒருத்தியைப் பிடித்து இறக்குவதுபோல இருக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை. மூச்சைச் சத்தமாக விடச் சொல்லியிருந்தார்கள். அது மட்டும் வரவில்லை.

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு அவள் இங்கே வந்தது ஒரே ஒரு காரியத்துக்காக. பகல் பதினொரு மணிக்கு, அவர் அறை வாசலில், குதிகால் பதிய நடக்க வேண்டும். அவர் எழுந்து வந்து நின்று பார்க்கட்டும். சொல்ல வேண்டியதைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தாள். 'நான்தாம்ப்பா. நடக்குறேன்.'

இன்று பதினொரு மணிக்குச் சமையலறையிலிருந்து கிளம்பினாள். தட், தட் என்று எட்டு அடி. அறை வாசல் வந்ததும் குதிகால்கள் தாமாகவே உயர்ந்துவிட்டன. பூனையாகக் கடந்து போனாள்.

அப்போது அவர் இறந்து ஒன்றரை மணி நேரமாகியிருந்தது.

டாக்டர் போனபிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போனாள். குழாயடிக்குப் போனாள். கழுவிய தம்ளரையே மறுபடி கழுவினாள். அம்மா பின்னாலேயே வந்தாள்.

"தம்பி கேட்டா மூணரைக்குன்னு சொல்லுடி."

"டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரும்மா."

"அவன் எங்க அதையெல்லாம் படிக்கப்போறான்? ரெண்டு பேர் வீட்ல இருந்தும் பாக்கலன்னு ஆயிடும். சொல்லுடி."

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் தம்பி, தெருவில் ஊரைக் கூட்டும் குரலில் போனில் பேசிக்கொண்டே வந்தான். படிக்கட்டில் குரலை நிறுத்தினான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். அப்பாவைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு சமையலறைக்கு வந்தான்.

"எத்தன மணிக்குக்கா?"

அம்மா அவளைப் பார்த்தாள்.

"காலைல ஒன்பதுக்கே. தூங்குறாருன்னு நெனச்சு விட்டுட்டோம்டா. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எத்தன தடவ போனேன் தெரியுமா? நாலு வரைக்கும் எட்டிக்கூடப் பாக்கல."

அவன் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தான். கையில் இருப்பதே அப்போதுதான் தெரிந்ததுபோல.

"நீயாவது நாலு மணிக்குப் பாத்த. நானா இருந்தா, இன்னிக்கு நல்லாத் தூங்குறாரு, சத்தம் போடாதீங்கன்னு உங்க ரெண்டு பேரையும் கீழ அனுப்பியிருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அதில் இருவருக்கும் நல்ல பயிற்சி.

"உஷ்" என்றாள் அம்மா. உதட்டில் வைத்த விரலை எடுக்க மறந்து அப்படியே நின்றாள்.

சித்தப்பா நாளைக்குத்தான் வர முடியும். அதுவரை ஆஸ்பத்திரிக் குளிர் அறை. ஆறு மணிக்கு இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். பூட்ஸ் சத்தம் கூடம் முழுக்க நிறைந்தது.

"ஓரமா நில்லுங்கம்மா! டேய், அந்தப் பக்கம் புடி! கதவு இடிக்குது பாரு!"

ஸ்ட்ரெச்சர் கதவு நிலையில் மோதியது. மூன்று பேரும் திடுக்கிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

படிக்கட்டில் இறக்க ஆரம்பித்தார்கள். தம்பி முன்னால் போனான். அவள் பின்னாலேயே வந்து முதல் படியில் காலை வைத்தாள். காலையிலிருந்து நுனிக்காலிலேயே அலைந்த கெண்டைக்கால் சுண்டி இழுத்து முறுக்கிக்கொண்டது. அவள் கத்தினாள். எங்கிருந்து வந்ததென்று தெரியாத சத்தம். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"அழாதீங்கம்மா, பத்திரமாத்தான் எறக்குறோம்" என்று கீழிருந்து குரல் வந்தது.

"காலும்மா" என்றாள். "கால்! ஐயோ, கால்!"

அம்மா அவளைப் பிடித்துக் கூடத்துத் தரையில் உட்கார வைத்தாள். பாதத்தை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் விரல்களை மேலே வளைத்து, இன்னொரு கையால் முறுக்கிய சதையைத் தேய்த்தாள். எங்கே தேய்க்க வேண்டுமென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். அம்மா தடுக்கவில்லை. கீழே வண்டிக் கதவை அடித்துச் சாத்தினார்கள். வண்டி கிளம்பித் தெருமுனை திரும்பும் ஓசை கேட்டது. அதற்குள் பிடிப்பு விட்டு, கால் லேசாகியிருந்தது.

அம்மாவின் கை நிற்கவில்லை. வெகுநேரம் கழித்து, "விட்டுடுச்சாடி?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றாள் மகள். "இன்னும் இருக்கு."