நாலு டிபி, மூன்று சிவப்பு ஒயர்

என் மனைவிக்குத் தொழில் கல்யாண ஆல்பம் செய்வது. முன்னறையில் பன்னிரண்டு வயதான கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, யார் யார் கல்யாணத்தையோ அழகாக்கிக் கொடுக்கிறாள். அதற்குள் இரண்டு டிஸ்க். ஒன்றில் கம்ப்யூட்டர் ஓடுவதற்கான சமாசாரம். இன்னொன்றில், டி டிரைவ் என்ற பெயரில், படங்கள். டி டிரைவ் நிரம்பி வழிந்தது. மறுநாள் பத்து மணிக்கு ஒரு ஜோடி ஆல்பம் பார்க்க வருகிறது. கேமராக்காரர் தன் கார்டுகளை அழித்துவிட்டதால் அவர்களுடைய இரண்டாயிரம் படங்களும் இங்கே மட்டும்தான் இருந்தன. ஒரு நகல் எடுத்து வைக்கலாமென்றுதான் நாலு டிபி, அதாவது நாலு டெராபைட், கொள்ளும் புது டிஸ்க் வாங்கினோம்.

தம்பியைக் கூப்பிடலாம் என்றாள். அவள் தம்பி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். போன மாதம் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும், மாமாவுக்கு ரிமோட்டில் பேட்டரி மாற்றுவதே பெரிய வேலை என்று சொன்னவன். அவன் வந்து என் வீட்டில் ஸ்க்ரூ திருகுவதா? என் தன்மானம் இடம் கொடுக்கவில்லை.

அவள் வெளியே போன நேரத்தில் பெட்டியைத் திறந்தேன். ஒரு தலையணைக்கு ஆகும் அளவுக்குத் தூசி. போர்டில் மூன்றே இடம், மூன்றிலும் ஒரே மாதிரி சிவப்பு ஒயர். புது டிஸ்க்கை மாட்ட இடமே இல்லை. நான் விடுவேனா? யாரும் தொடாத டிவிடி டிரைவுக்கு எதற்கு ஒயர்? அதையும் கரண்ட் ஒயரையும் உருவி இதற்கு மாட்டினேன்.

கம்ப்யூட்டர் என்னென்னவோ கேட்டது. படிக்காமலே எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தினேன். புது டிஸ்க் வந்தது, ஆனால் இரண்டு டிபிதான். மீதி இரண்டைக் காணோம். எனக்கு வந்ததே கோபம். பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், பாதி டிஸ்க்கை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நாலு பேர் கேட்கக் கத்தினேன்.

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டு முறைகளில் எது வேண்டும் என்று கேட்டிருக்குமே என்றார். "எம்பிஆர் பழைய முறை சார். அதுக்கு ரெண்டு டிபிக்கு மேல எண்ணத் தெரியாது. ஜிபிடிக்கு மாத்துங்க, முழுசா வந்துடும்." பின்னால் நின்றவர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்தால் மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"டி டிரைவ் காலியா இருக்கே" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. எதற்கெல்லாம் சரி என்று அழுத்தினேனோ தெரியவில்லை. நான் அழித்துவிட்டேன் போலிருக்கிறது என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காலையில் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று மட்டும் கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

தன்மானத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு நானே மச்சானுக்குப் போன் செய்தேன்.

வந்தான். பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். டிவிடி டிரைவ் தன் ஒயரோடு சௌக்கியமாக இருந்தது. படங்கள் இருந்த டிஸ்க்தான் ஒயரில்லாமல் அநாதையாகக் கிடந்தது. அது இல்லாத இடத்தில் புது டிஸ்க் டி என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஐந்தே நிமிடத்தில் ஒயர்களைச் சரியாக மாட்டினான். இரண்டாயிரம் படங்களும் வந்தன. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. புது டிஸ்க்கையும் ஜிபிடிக்கு மாற்றி நாலு டிபியையும் வரவழைத்தான்.

அடுத்தது கேலிதான் என்று காத்திருந்தேன். அவன் என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"பழைய ஒயர் அக்கா, தானா கழண்டிருக்கு. மாமா மேல தப்பில்ல."

இப்படி ஒரு தங்கமான பையனையா இத்தனை நாள் கரித்துக்கொட்டினேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆமாம் ஆமாம், ஒயர் ரொம்பப் பழசு என்றேன்.

மனைவி திரும்பினாள். "தானா கழண்டிருந்தா, நீங்களா இவனுக்குப் போன் பண்ணியிருப்பீங்க?"

பெட்டியை மூட வேண்டும், கொஞ்சம் டார்ச்சை அசையாமல் பிடியுங்கள் மாமா என்றான் மச்சான். பிடித்தேன்.